சிப்புக்குள் ஒரு மிக்சர்: உயர் அதிர்வெண் ரிசீவருக்கு டவுன்கன்வர்ஷன் மிக்சரை வடிவமைப்பது எப்படி

ஆன்டெனாவில் வந்து விழும் சிக்னல் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும். அதை அப்படியே டிஜிட்டலாக்கப் போனால் மின்சாரம் கட்டுப்படியாகாது. அதனால் முதலில் சில மெகாஹெர்ட்ஸுக்கோ சுழிக்கோ இறக்கிவிட்டு, அப்புறம் வடிகட்டி, அளவிட்டு, பிட்டுகளாக்குகிறோம். இறக்குகிற வேலை மிக்சருடையது. ரிசீவரிலேயே உருவான லோக்கல் ஆசிலேட்டர் (எல்.ஓ.) அலையும் வருகிற சிக்னலும் அங்கே பெருக்கப்படுகின்றன. இரண்டின் வித்தியாச அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு கூட்டல் அதிர்வெண்ணை வடிகட்டிவிடுகிறோம். தத்துவம் ஒரே வரியில் முடிந்துவிடும். அதையே 1.2 வோல்ட் சப்ளைக்குள், சில மில்லிஆம்பியரில், சில மைக்ரான் அகல ட்ரான்சிஸ்டர்களை வைத்துச் செய்யும்போதுதான் உண்மையான வடிவமைப்பு தொடங்குகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக்சர் என்றதும் பலரும் சிக்னல் நுழையும் ட்ரான்சிஸ்டர்களில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். ஆனால் இரைச்சல், ஆஃப்செட் (அவுட்புட்டில் சேரும் வேண்டாத நிலையான வோல்டேஜ்), இரண்டாம் படி திரிபு (சிக்னலின் வர்க்கத்துக்கேற்ப எழும் திரிபு) எல்லாமே பெரும்பாலும் எல்.ஓ. அலை சுழியைக் கடக்கும் அந்தச் சில பைக்கோ நொடிகளில்தான் தீர்மானமாகின்றன. எல்.ஓ. பக்கத்தை முதலில் சரியாக அமைத்தால் மற்றவை வழிக்கு வரும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். சி.மாஸ் தொழில்நுட்பம், 1.2 வோல்ட் சப்ளை, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு குறுகிய பட்டை ரிசீவர்.

படி 1: அதிர்வெண் திட்டம்

சிக்னல் 2.440 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஐ.எஃப்., அதாவது இறக்கிய பின் கிடைக்கும் இடைநிலை அதிர்வெண், 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் எல்.ஓ. 2.438. இப்போது 2.436-இல் இருக்கும் எதுவும் அதே 2 மெகாஹெர்ட்ஸுக்கு வந்து சேரும். இதுதான் பிம்ப அதிர்வெண். சிக்னலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே 4 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி என்பதால், ஆன்டெனா பக்கம் எந்த ஃபில்டர் போட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்காகத்தான் எல்.ஓ. கட்டத்தில் 90 பாகை இடைவெளி வைத்து ஐ, க்யூ என இரண்டு மிக்சர்கள்.

இரு பாதைகளும் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும்? பிம்ப ஒடுக்கம் ஏறத்தாழ 4-ஐ, கெயின் பிழையின் வர்க்கமும் ரேடியனில் கட்டப் பிழையின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைப்பது. 0.1 டெசிபெல் கெயின் பிழை, 1 பாகை கட்டப் பிழை என்று வைத்தால் சுமார் 39.6 டெசிபெல் வருகிறது. 1 பாகை என்பது 2.44 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1.1 பைக்கோ நொடி. லேஅவுட்டுக்குப் போகும்போது இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள்.

ஐ.எஃப்.பைச் சுழியாக்கினால் பிம்பத் தொல்லை பெரிதும் குறையும். பதிலுக்கு டி.சி. ஆஃப்செட்டும் ஃபிளிக்கர் இரைச்சலும் (தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓங்கும் ட்ரான்சிஸ்டர் இரைச்சல்) நேராகச் சிக்னல் மேலேயே வந்து உட்காரும். குறுகிய பட்டை சிக்னலுக்கு நான் தாழ்ந்த ஐ.எஃப்.பையே தேர்ந்தெடுப்பேன். 20 மெகாஹெர்ட்ஸ், அதற்கும் மேல் அகலமான சிக்னலில் நடுவே சில கிலோஹெர்ட்ஸ் போனால் பெரிய இழப்பில்லை. அங்கே சுழி ஐ.எஃப். நல்லது.

எல்.ஓ.வை எப்படி உருவாக்குவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆசிலேட்டரை இரு மடங்கில், அதாவது 4.876 கிகாஹெர்ட்ஸில் ஓட்டி, இரண்டால் வகுக்கும் சர்க்யூட் ஒன்றைப் போட்டால் 90 பாகை இடைவெளி தானாகவே கிடைக்கும்.

படி 2: இரைச்சல் பட்ஜெட்டை வோல்டேஜில் போடுங்கள்

சிப்புக்குள் எல்.என்.ஏ.வுக்கும் (ஆன்டெனாவை அடுத்து வரும் குறை இரைச்சல் ஆம்ப்ளிஃபையர்) மிக்சருக்கும் நடுவே 50 ஓம் என்று எதுவும் இல்லை. அதனால் மிக்சரின் இரைச்சல் எண்ணை (சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் எவ்வளவு கெடுகிறது என்பதை டெசிபெலில் சொல்வது) தனியாகப் பேசுவது குழப்பத்தில்தான் முடியும். மிக்சரின் இன்புட்டில் எத்தனை நேனோவோல்ட் இரைச்சல் தாங்கும் என்று கேட்பதுதான் நேர்வழி.

50 ஓம் மூலத்தின் இரைச்சல், ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.895 நேனோவோல்ட். இன்புட் மேட்ச் ஆகியிருந்தால் அதில் பாதி, 0.447 நேனோவோல்ட், எல்.என்.ஏ.வுக்குள் போகும். எல்.என்.ஏ.வின் வோல்டேஜ் கெயின் 10 மடங்கு, அதாவது 20 டெசிபெல் என்றால், மிக்சர் வாசலில் மூலத்தின் இரைச்சல் 4.47 நேனோவோல்ட்.

இரைச்சல் எண்ணில் மொத்த ரிசீவருக்கு 4 டெசிபெல் இலக்கு, எல்.என்.ஏ.வுக்கு 2.5 டெசிபெல். விகிதத்தில் சொன்னால் 2.51, 1.78. மீதி 0.73. அதில் பாதியை பேஸ்பேண்டுக்கு, அதாவது மிக்சருக்குப் பின்னால் வரும் தாழ்ந்த அதிர்வெண் பகுதிக்கு, ஒதுக்கினால் மிக்சருக்கு 0.365 மிஞ்சும். 4.47-ஐ அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2.7 நேனோவோல்ட். இதுதான் நம் பட்ஜெட்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மிக்சர் தன் இரண்டு பக்கப் பட்டைகளிலிருந்தும் இரைச்சலை அள்ளி வருகிறது. சிக்னல் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, பிம்பத்தை ஒடுக்க எதுவும் இல்லையென்றால் ஒற்றைப் பக்கக் கணக்கு. சுழி ஐ.எஃப்.புக்கும் ஐ-க்யூ போட்டுப் பிம்பத்தை ஒடுக்கும் ரிசீவருக்கும் இரட்டைப் பக்கக் கணக்கு. இரண்டுக்கும் 3 டெசிபெல் வித்தியாசம். யாராவது ஒரு மிக்சரின் இரைச்சல் எண்ணைச் சொன்னால், எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். நம் உதாரணம் இரட்டைப் பக்கம்.

படி 3: ஆக்டிவா, பாஸிவா?

ஆக்டிவ் மிக்சர் என்றால் பெரும்பாலும் கில்பர்ட் செல். பேரி கில்பர்ட் 1968-இல் வெளியிட்ட பெருக்கி சர்க்யூட்டின் வழியில் வந்தது இது. கீழே ஒரு ஜோடி ட்ரான்சிஸ்டர் வோல்டேஜைக் கரண்டாக்கும். மேலே இரண்டு ஜோடிகள் எல்.ஓ.வுக்கு ஏற்ப அந்தக் கரண்டின் திசையை மாற்றி மாற்றி விடும். உச்சியில் லோடு. கெயின் கிடைக்கும், எல்.ஓ.வும் மென்மையாக இருந்தால் போதும். பாஸிவ் மிக்சரில் சுவிட்சுகள் மட்டுமே உண்டு, அவற்றில் டி.சி. கரண்ட் ஓடாது. அதனால் ஃபிளிக்கர் இரைச்சல் மிகக் குறைவு, நேர்கோட்டுத் தன்மையும் நன்றாக இருக்கும். ஆனால் எல்.ஓ. பக்கம் கூர்மையான, முழு வீச்சுச் சதுர அலை வேண்டும்.

சிறிய டெக்னாலஜிகளில், சில கிகாஹெர்ட்ஸ் வரை, இன்றைக்கு நான் பாஸிவ் பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் மிக்சரைப் புரிந்துகொள்ள ஆக்டிவ் சர்க்யூட்டே நல்ல ஆசிரியர். 28 அல்லது 77 கிகாஹெர்ட்ஸ் என்று மேலே போனால், முழு வீச்சுச் சதுர அலை கிடைக்காததால் அது மறுபடியும் களத்துக்கு வருகிறது. எனவே முதலில் கில்பர்ட்.

படி 4: இன்புட் ஜோடி

கன்வர்ஷன் கெயின் என்பது 2/பை, ட்ரான்ஸ்கண்டக்டன்ஸ் (இன்புட் வோல்டேஜ் எவ்வளவு கரண்டாகிறது என்ற அளவு), லோடு மின்தடை ஆகிய மூன்றின் பெருக்கம். அந்த 2/பை என்பது -3.9 டெசிபெல். சதுர அலையால் பெருக்குவதற்கு நாம் கொடுக்கும் விலை இது, தப்பிக்க வழியில்லை.

ட்ரான்ஸ்கண்டக்டன்ஸ் 10 மில்லிசீமென்ஸ் என்று தொடங்குவோம். ஓவர்டிரைவ் (த்ரெஷோல்டுக்கு, அதாவது ட்ரான்சிஸ்டர் திறக்கும் வோல்டேஜுக்கு, மேல் கேட்டில் கொடுப்பது) 0.2 வோல்ட் என்றால் ஒவ்வொரு பக்கமும் 1 மில்லிஆம்பியர், மொத்தம் 2. லோடு பக்கத்துக்கு 500 ஓம் என்றால் கெயின் 3.18, அதாவது 10 டெசிபெல்.

இரைச்சலைப் பார்ப்போம். ட்ரான்சிஸ்டரின் இரைச்சல் கெழுவான காமாவை 1 என்று எடுத்தால் ஜோடியின் இன்புட் இரைச்சல் 1.79 நேனோவோல்ட். ஆனால் எல்.ஓ.வின் மூன்றாம், ஐந்தாம் ஹார்மோனிக்குகளைச் சுற்றியுள்ள இரைச்சலும் மடிந்து வந்து சேர்கிறது. மூன்றாவது ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று எல்லாம் கூடினால் சக்தியில் 1.23 மடங்கு. ஆக 1.99 நேனோவோல்ட். வர்க்கத்தில் பார்த்தால் பட்ஜெட் 7.3, இன்புட் ஜோடி எடுத்தது 3.95, லோடு மின்தடைகள் எடுப்பது 0.8. சுவிட்சுகளுக்கு ஏறக்குறைய 2.5 மிஞ்சுகிறது. நல்ல நிலைதான்.

நேர்கோட்டுத் தன்மைக்கு: டெயில் கரண்ட் (ஜோடிக்கு அடியில் வைக்கும் நிலையான கரண்ட்) உள்ள டிஃபரென்ஷியல் ஜோடிக்கு, நீண்ட சேனல் சூத்திரப்படி மூன்றாம் படி சந்திப்புப் புள்ளி (திரிபு சிக்னலுக்குச் சமமாகிவிடும் கற்பனையான இன்புட் அளவு) ஓவர்டிரைவின் 3.27 மடங்கு. 0.2 வோல்ட்டுக்கு 0.65 வோல்ட் உச்சம். 50 ஓம் கணக்கில் +6.3 டி.பி.எம். (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). முன்னால் 20 டெசிபெல் எல்.என்.ஏ. இருப்பதால் ஆன்டெனாவில் அது -13.7 ஆகிவிடும். குறுகிய சேனல் ட்ரான்சிஸ்டர்களில் இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போதவில்லையென்றால் ஓவர்டிரைவைக் கூட்டுங்கள், கரண்டும் கூடும். அல்லது எல்.என்.ஏ.வின் கெயினைக் குறையுங்கள், இரைச்சல் கூடும்.

படி 5: சுவிட்ச் ஜோடியும் எல்.ஓ.வும்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

சுவிட்சின் கேட்டில் மெதுவாக மாறும் ஒரு சிறு வோல்டேஜ் இருப்பதாக வையுங்கள். அது ஃபிளிக்கர் இரைச்சலாகவும் இருக்கலாம், இரண்டு ட்ரான்சிஸ்டர்களின் த்ரெஷோல்டு வித்தியாசமாகவும் இருக்கலாம். எல்.ஓ. உச்சத்தில் இருக்கும்போது அதனால் ஒன்றும் ஆகாது, ஒரு ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறந்தும் மற்றது முழுதாக மூடியும் இருக்கும். ஆனால் எல்.ஓ. சுழியைக் கடக்கும்போது அந்தச் சிறு வோல்டேஜ் கடக்கும் நேரத்தை முன்னே பின்னே தள்ளுகிறது. எவ்வளவு? அந்த வோல்டேஜை எல்.ஓ.வின் சரிவால் வகுத்த அளவு. அவ்வளவு நேரத்துக்கு முழுக் கரண்டும் தவறான பக்கம் போகிறது. ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை. சராசரி எடுத்தால் அவுட்புட்டில் தோன்றும் கரண்ட், ஜோடியின் கரண்டையும் அந்த வோல்டேஜையும் 4-ஆல் பெருக்கி, சரிவும் சுழற்சிக் காலமும் பெருக்கிய தொகையால் வகுத்தது.

எண்களைப் போடுவோம். எல்.ஓ. சைன் அலை, டிஃபரென்ஷியல் உச்சம் 0.6 வோல்ட். சரிவு பெருக்கல் காலம் என்பது 2 பை பெருக்கல் 0.6, அதாவது 3.77 வோல்ட். ஜோடிக்கு 1 மில்லிஆம்பியர். கேட்டின் வோல்டேஜ் 1.06 மில்லிசீமென்ஸ் கணக்கில் அவுட்புட் கரண்டாகிறது. நம் சிக்னலோ 6.37 மில்லிசீமென்ஸ் கணக்கில் வருகிறது. ஆக சுவிட்ச் கேட்டின் மெதுவான இரைச்சல் ஆறில் ஒரு பங்காக இன்புட்டில் தெரிகிறது. 5 மில்லிவோல்ட் பொருத்தமின்மை இருந்தால் அவுட்புட்டில் 2.65 மில்லிவோல்ட் ஆஃப்செட்.

இந்தக் கணக்கில் எல்.ஓ. அதிர்வெண் அடிபட்டுப் போனதைக் கவனியுங்கள். சைன் அலையாக இருக்கும்வரை வீச்சு மட்டும்தான் பேசும். அதனால் கையில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எல்.ஓ. வீச்சைக் கூட்டுவது. ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் எதிர்வினை: கேட் மிக உயரத்துக்குப் போகும்போது சுவிட்ச் டிரையோடு நிலைக்குள் (மின்தடை போல நடக்கும் நிலை) விழும், கீழேயுள்ள பொது முனை இரு மடங்கு அதிர்வெண்ணில் குதிக்கும், திரிபு கூடும். கெயின் உயர்வது நின்று சமதளமான இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

இரண்டாவது, சுவிட்சைப் பெரிதாக்குவது. பரப்பு நான்கு மடங்கானால் பொருத்தமின்மையும் ஃபிளிக்கர் வோல்டேஜும் பாதியாகும். ஆனால் பொது முனையின் கெப்பாசிட்டன்ஸ் ஏறும். அதற்கு இரண்டு கெடுதல்கள். சிக்னல் கரண்டில் ஒரு பகுதி சுவிட்சுக்குப் போகாமல் தரைக்கு ஒழுகும். கூடவே அந்தக் கெப்பாசிட்டன்ஸ் ஏறி இறங்குவதாலேயே, எல்.ஓ. எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ஃபிளிக்கர் இரைச்சல் மறைமுகமாக வந்து சேரும்.

மூன்றாவது, சுவிட்ச் வழியாகப் போகும் கரண்டைக் குறைப்பது. பொது முனையில் பி.மாஸ் கரண்ட் சோர்ஸ் வைத்து 0.5 மில்லிஆம்பியரை அங்கேயே கொடுத்துவிட்டால், சுவிட்ச் இரைச்சல் பாதியாகும். லோடில் விழும் வோல்டேஜும் 0.5-இலிருந்து 0.25 ஆகும். 1.2 வோல்ட் சப்ளையில் இது பெரிய நிம்மதி. ஆனால் இந்த பி.மாஸின் இரைச்சல் இன்புட் ஜோடியின் இரைச்சலோடு நேராகச் சேரும். சுவிட்சின் ட்ரான்ஸ்கண்டக்டன்ஸும் குறைவதால் கெப்பாசிட்டன்ஸுக்கு ஒழுகுவது கூடும். பாதிக்கு மேல் எடுத்துவிடாமல் இருப்பது நல்லது.

அந்த ஒழுக்கு அதிர்வெண்ணோடு எப்படி மாறுகிறது என்பதைப் பாருங்கள். பொது முனையில் 150 ஃபெம்டோஃபேரட், சுவிட்ச் 8 மில்லிசீமென்ஸ் என்றால் ஒழுக்கு தொடங்கும் புள்ளி சுமார் 8.5 கிகாஹெர்ட்ஸ். 2.44 கிகாஹெர்ட்ஸில் இழப்பு 0.34 டெசிபெல், கவலையில்லை. அதே சர்க்யூட் 28 கிகாஹெர்ட்ஸில் 10 டெசிபெலுக்கு மேல் இழக்கும். அங்கே இரு பொது முனைகளுக்கும் தலா 215 பைக்கோஹென்றி மின்தூண்டி போட்டு அந்தக் கெப்பாசிட்டன்ஸை ஒத்திசைவால் மறைக்க வேண்டும், அல்லது இரண்டு நிலைகளுக்கும் நடுவே ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். மில்லிமீட்டர் அலை மிக்சர்களில் மின்தூண்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

படி 6: லோடு

லோடில் மின்தேக்கி போட மறக்காதீர்கள். 500 ஓமுக்கு 32 பைக்கோஃபேரட் போட்டால் 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு போல், அதாவது அதற்கு மேல் கெயின் சரியத் தொடங்கும் புள்ளி. 4.878 கிகாஹெர்ட்ஸ் கூட்டல் அலையும் எல்.ஓ. கசிவும் அங்கேயே அடங்கும், அதிர்வெண்ணில் தொலைவிலுள்ள இடையூறுகளும் பேஸ்பேண்டுக்கு முன்பே மெலியும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே போட்டால் 16 பைக்கோஃபேரட் போதும், ஆனால் பொது முறை அலையை (இரு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்குவதை) அது தடுக்காது. கொஞ்சம் நடுவிலும் கொஞ்சம் தரைக்குமாகப் பிரித்துப் போடுவேன்.

படி 7: பாஸிவ் வழி

எல்.என்.ஏ. கரண்டைத் தரட்டும். சுவிட்சுகள் அதைத் திருப்பிவிடட்டும். மறுபுறம் ட்ரான்ஸ்இம்பீடன்ஸ் ஆம்ப்ளிஃபையர் (கரண்டை வோல்டேஜாக்குவது) தாழ்ந்த மின்மறுப்போடு வாங்கிக்கொள்ளட்டும். அமைப்பு இவ்வளவுதான்.

ஐ-யும் க்யூ-வும் ஒரே எல்.என்.ஏ.வைப் பகிர்ந்துகொள்வதால், எல்.ஓ.வைச் சுழற்சியின் 25 சதவீதம் மட்டும் திறந்திருக்கும் நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். 50 சதவீதமாக இருந்தால் எப்போதும் ஐ-யில் ஒரு சுவிட்சும் க்யூ-வில் ஒரு சுவிட்சும் சேர்ந்து திறந்திருக்கும், கரண்ட் இரண்டாகப் பிரியும், இரு பாதைகளும் ஒன்றையொன்று கெடுக்கும். 25 சதவீதத்தில் 3 டெசிபெல் கூடுதல் கெயின் சும்மா கிடைக்கிறது. கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும். சிறு இடைவெளி விட்டாலும் பரவாயில்லை, ஏறினால் கெயினும் இரண்டாம் படி திரிபும் இரண்டுமே கெடும்.

பாஸிவ் மிக்சரின் ஓர் அழகான குணம்: பேஸ்பேண்டு பக்கத்து மின்மறுப்பு எல்.ஓ. அதிர்வெண்ணைச் சுற்றி ஆர்.எஃப். (உயர் அதிர்வெண்) பக்கத்திலும் தெரியும். ஆம்ப்ளிஃபையர் இன்புட்டில் ஒரு மின்தேக்கி வைத்தால், ஆர்.எஃப். முனையில் எல்.ஓ.வோடு சேர்ந்து நகரும் கூர்மையான பேண்ட்பாஸ் ஃபில்டர் கிடைத்துவிடும்.

செலவு எல்.ஓ.வில் இருக்கிறது. எட்டு சுவிட்சுகள், ஒவ்வொன்றின் கேட்டும் 50 ஃபெம்டோஃபேரட், 1.2 வோல்ட், 2.44 கிகாஹெர்ட்ஸ் என்றால் கேட்டுகளை ஏற்றி இறக்கவே 1.4 மில்லிவாட். பஃபர்களும் வகுக்கும் சர்க்யூட்டும் சேர்ந்தால் இதைப் போலச் சில மடங்கு. பாஸிவ் மிக்சர் மின்சாரம் எடுக்காது என்று யாராவது சொன்னால், அவர்கள் எல்.ஓ.வைக் கணக்கில் சேர்க்கவில்லை.

படி 8: லேஅவுட்

எல்.ஓ. கசிவு என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். 0.6 வோல்ட் எல்.ஓ., 60 டெசிபெல் குறைந்து எல்.என்.ஏ. வாசலுக்குப் போகிறது. 0.6 மில்லிவோல்ட்தான். எல்.என்.ஏ. அதைப் பத்து மடங்காக்கும், மிக்சர் அதை எல்.ஓ.வோடேயே பெருக்கி 3.18 மடங்காக்கும். கட்டம் ஒத்துவந்தால் 19 மில்லிவோல்ட் டி.சி. பேஸ்பேண்டில் 100 மடங்கு கெயின் இருந்தால் 1.9 வோல்ட். சப்ளையே 1.2 வோல்ட்தான். சிக்னல் வருவதற்கு முன்பே பேஸ்பேண்டு திணறிவிடும்.

அதனால் எல்.ஓ. கம்பிகளை எப்போதும் ஜோடியாக, சம நீளத்தில், தரைத் தடுப்போடு கொண்டுபோங்கள். எல்.ஓ. கம்பி ஆர்.எஃப். கம்பியைக் கடக்க வேண்டியிருந்தால் இரண்டு எல்.ஓ. கம்பிகளும் ஒரே மாதிரி கடக்கட்டும். அப்போது கசிவுகள் ஒன்றையொன்று அழிக்கும். சுவிட்சுகளைப் பொது மையத்தோடு, ஒரே திசையில், ஓரங்களில் வேலை செய்யாத டம்மி ட்ரான்சிஸ்டர்கள் வைத்து அடுக்குங்கள். கில்பர்ட் செல்லில் அவுட்புட்டுகள் குறுக்கே மாறிக்கொள்ளும் இடத்தில்தான் சமச்சீர் வழக்கமாக உடைகிறது. ஒரு பக்கம் ஒரு மெட்டல் அடுக்கு கூடுதலாக ஏறினால், மறுபக்கம் வேண்டியிருக்காவிட்டாலும் அதே ஏற்றத்தைப் போடுங்கள். இரண்டாம் படி திரிபுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. முழுச் சமச்சீரான சர்க்யூட்டில் அது அவுட்புட்டில் தெரியவே தெரியாது, பொருத்தமின்மைதான் அதை வெளியே கொண்டுவருகிறது.

படி 9: சிமுலேஷனும் அளவீடும்

சாதாரண ஏ.சி. அனாலிசிஸ் மிக்சருக்கு உதவாது, அது அதிர்வெண் மாற்றத்தை அறியாது. முதலில் எல்.ஓ.வை மட்டும் வைத்துப் பீரியாடிக் ஸ்டெடி ஸ்டேட் (சுழற்சிக்குச் சுழற்சி மாறாத நிலையைக் காண்பது), அதன் மேல் பீரியாடிக் ஏ.சி., பீரியாடிக் நாய்ஸ். நாய்ஸில் எத்தனை ஹார்மோனிக் பக்கப் பட்டைகள் என்பதைப் போதுமான அளவு கொடுங்கள். எண்ணிக்கையைக் கூட்டியும் விடை மாறாதபோது நிறுத்தலாம். எல்.ஓ.வை இலட்சிய மூலமாக வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாமல், உண்மையான பஃபரோடு, லேஅவுட்டிலிருந்து பிரித்தெடுத்த பாராஸிட்டிக்குகளோடு (கம்பிகளின் வேண்டாத மின்தடையும் கெப்பாசிட்டன்ஸும்) மறுபடி ஓட்டுங்கள். ஆஃப்செட்டுக்கும் இரண்டாம் படிக்கும் மான்டே கார்லோ (ட்ரான்சிஸ்டர் வேறுபாடுகளைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டுவது) இல்லாமல் எந்த விடையும் விடையல்ல.

மூன்றாம் படிக்கு 2.444, 2.448 கிகாஹெர்ட்ஸில் இரண்டு டோன்கள் கொடுத்தால் திரிபு சரியாக 2.440-இல் விழும். ஒவ்வொரு டோனும் -30 டி.பி.எம்., திரிபு அவற்றுக்கு 60 டெசிபெல் கீழே என்றால் சந்திப்புப் புள்ளி 0 டி.பி.எம். ஆனால் ஒரே புள்ளியில் அளந்துவிட்டுப் போகாதீர்கள். இன்புட் 1 டெசிபெல் ஏறினால் திரிபு 3 ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

சிப் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது எல்.ஓ. சக்தியை மாற்றி மாற்றிக் கெயினை வரைவது. கோடு ஏறி, சமதளமாகி, நீங்கள் வேலை செய்யும் இடம் அந்தச் சமதளத்தில் இருந்தால் எல்.ஓ. பஃபர் தன் வேலையைச் செய்கிறது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் சுவிட்சுகளுக்கு வீச்சு போதவில்லை. அப்போது இரைச்சல் எண்ணை அளக்கத் தொடங்காமல், பஃபரின் சப்ளையையும் பயாஸையும் முதலில் சரிபாருங்கள்.